சமதரை கேட்டவன்

சபையாரே, ஜூன் மழையில் குடையும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்த ஆள் நான்தான். உங்களில் சிலர் பார்த்துப் பயந்தீர்களாம். உங்களைவிட நான் அதிகம் பயந்து கிடந்தேன்.

மஞ்சூர் பக்கத்து எஸ்டேட் பேக்டரியில், இலை உலர்த்தும் மெஷினில் எனக்கு வேலை. ஏப்ரல் மாதம் வேலை நேரத்திலேயே நெஞ்சு வலித்து விழுந்தேன். கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர், "ஒரு மாசம் சமதரையில நடங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேடு ஏறலாம்" என்றார். எனக்குச் சமதரை மட்டும்தான் காதில் நின்றது. மேடு ஏறினால் செத்துப்போவேன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நம் ஊரில் சமதரைக்கு எங்கே போவது? எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீட்டிலிருந்து மேலே பேக்டரிக்கு எண்பத்தாறு படி. கடைக்கும் ஆலயத்துக்கும் அதே படிதான். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் வீட்டுக்கு இறக்கினார்கள். கீழே மண்ணை வெட்டிச் சமமாக்கிய ஒரே இடம் கல்லறைத் தோட்டம். அதனால் அங்கேயே நடந்தேன். என் மனைவி ஸ்டெல்லா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "ஏனுங்க, பொழைக்கறதுக்கு நடக்கறீங்களா, எடம் பாக்கறதுக்கு நடக்கறீங்களா?" நான் குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கேயே போனேன்.

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. செக்கப்புக்கும் போகவில்லை. பஸ் பிடிக்கவும் அந்தப் படியைத்தானே ஏற வேண்டும்? மூன்றாவது படியில் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கும். உடனே கழுத்தில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது இன்னும் வேகமாகும். அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கூட வேலை செய்பவர்கள், "மெதுவா வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி ஏறிப் போவார்கள். மானம் போய்விட்டது.

ஜூலையில் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு லீவு முடிகிறது. வேலைக்கு வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பத்தொன்பது வருடம் இருந்த வீடு. ஸ்டெல்லா அழவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் உடைந்து போனேன். கல்லறைகளுக்கு நடுவே மண்டியிட்டு, "ஆண்டவரே, எனக்கு ஒரு சமதரை கொடும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று கதறினேன். அப்போதும் ஒரு கை கழுத்தில்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தால், தோட்டத்து வாசலை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நிற்கிறது. வீட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி. எனக்குப் பின்னால் செங்குத்தான தேயிலை மேடு. எனக்குக் கோபம்கூட வந்தது. "நான் கேட்டதென்ன, நீர் அனுப்பினதென்ன?" என்றேன். ஓடினால் துரத்தும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஒரு கையால் ஒரு செடி, மறு கையால் அடுத்த செடி என்று பிடித்துக்கொண்டு, "இயேசுவே, இயேசுவே" என்று அடி அடியாக ஏறினேன். கழுத்தில் விரல் வைக்கக் கை மிச்சமில்லை.

மேலே வந்து பார்த்தால் பேக்டரி முற்றம். இலை நிறுக்கும் ராசு அண்ணன் ஓடி வந்தார். "அட, நீங்க எப்படிங்க மேல வந்தீங்க?" என்றார். நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. இதோ வெடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். வெடிக்கவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் தானாகவே அடங்கியது. மேடு ஏறினால் எல்லார் நெஞ்சும் இப்படித்தானே அடிக்கும் என்று அன்றுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து படி ஏறி, கோயம்புத்தூர் போனோம். டாக்டர் டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்த்தார். "இதயம் எப்பவோ தேறிருச்சுங்க. பயந்துதான் படியிலயே உக்காந்துட்டீங்க. தெனமும் கொஞ்சம் ஏறுங்க. வலி வந்தா மட்டும் உடனே வாங்க" என்றார். திரும்பி வந்து முதல் நாள் எங்கும் உட்காராமல் பத்துப் படி ஏறினேன், அடுத்த நாள் இருபது. லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே வேலைக்குப் போனேன். ஸ்டெல்லா சாக்கை அவிழ்த்தாள்.

முப்பதாவது படியில் இன்றும் பயம் வருகிறது. ஜெபித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைக்கிறேன். உங்களில் யாராவது ஏதோ ஒரு படியில் உட்கார்ந்துவிட்டிருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டதையே தருவார் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதமும் நான் ஒற்றைக் கையால்தான் ஜெபித்தேன். மற்றக் கை அவரை நம்பாமல் என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று இரண்டு கையையும் கூப்பி அவருக்கு நன்றி சொல்கிறேன்.