வெள்ளிக்கிழமைப் பாட்டு நின்றுவிடும் என்றிருந்த நாட்களில்

சென்ற ஆடிப்பூரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, லண்டன் வெம்பிளியில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஐந்து பேர் இருந்து பாடினோம். அதில் ஒருவருக்கு இருமல். பிந்தி வந்தவர்கள் வாசலில் நின்று பாடிய காலம் கண்ட குழு இது. கற்பூரம் காட்டியபோது அம்பாளின் முகம் எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், இலங்கைப் போருக்குத் தப்பி அகதிகளாக வந்த சில பெண்கள் ஹரோவில் ஒரு வீட்டு முன்னறையில் தொடங்கியதுதான் எங்கள் மாதர் பஜனைக் குழு. முதல் நாள், மாசி மாதத்து வெள்ளி. வெளியே பனி கொட்டியது. எல்லோருடைய கோட்டுகளையும் மேல்மாடிக் கட்டிலில் குவித்திருந்தோம். புறப்படும் நேரத்தில் ஒருத்தியின் குழந்தையைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடினோம். அது அந்தக் குவியலுக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சுருதிப்பெட்டி கிடையாது. மனோ அக்கா எடுக்கிற குரல்தான் சுருதி. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினால் குரலைக் குறைப்போம், பாட்டை நிறுத்த மாட்டோம். ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாத நாட்கள் அவை. அந்த வெள்ளி மாலைகள்தான் எங்களை விழாமல் வைத்திருந்தன. இன்றும் என் பிள்ளைகளின் வயதைக்கூட நான் அந்த வெள்ளிகளை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

தொடக்கத்திலிருந்து எங்களை நடத்தி வருபவர் மனோ அக்கா. ஐந்து பேராகப் பாடிய அந்த வெள்ளி, பாய்களைச் சுருட்டும்போது அவர் என்னிடம் சொன்னார்: "யோகா, இனி இழுத்துக்கொண்டு போக ஏலாது. எல்லாரிட்டையும் கேட்டுப் பாப்பம். வேண்டாம் எண்டால் நவராத்திரியோட நிப்பாட்டுவம்."

செயலாளர் நான். கேட்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எந்த நாள் வசதி, எந்த இடம், என்ன பாடலாம், குழு தொடர வேண்டுமா என்று கேள்விகள் எழுதினேன். என் மகள் அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

பதில்கள் வந்தன. "எல்லாரும் சொல்லுறதுதான் என்ர விருப்பமும்." "மனோ அக்காவுக்கு எது சரியோ அது." ஒருவர் எல்லாக் கேள்விக்கும் கும்பிடுகிற கைகளின் படத்தைப் போட்டிருந்தார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, உங்கட ஆக்கள் எலெக்ஷன்லயும் இப்பிடித்தான் வோட்டுப் போடுறவையோ?"

பதில்களைப் பார்த்த மனோ அக்கா சிரிக்கவில்லை. "வேணும் எண்டு ஒருத்தியும் எழுதேல்லை, பாத்தியே?" என்றார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, சமையலறை அலுமாரியில் இருக்கும் அம்பாள் படத்தின் முன் விளக்கேற்றினேன். "தாயே, மனிதரிடம் கேட்டேன். பதில் இல்லை. நிறுத்து என்றாலும் நீ சொல். நடத்து என்றாலும் நீ சொல். நான் கேட்கிறேன்." வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

அந்த வாரமே தொலைபேசி அடித்தது. பிளேஸ்டோவில் இருக்கும் சரோ. எங்கள் குழுவின் வெண்கலக் குரல். கொரோனாவில் கணவர் இறந்த பிறகு அவள் வரவில்லை. மகள் என் தொலைபேசியில் இருந்த பழைய எண்களுக்கும் கேள்விகளை அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, எனக்கும் வந்திருக்கு. ஆள் மாறி அனுப்பிப்போட்டியளோ?"

"மாறி இல்லை. நீ எங்கட ஆள்தானே. ஏன் சரோ வாறேல்லை?"

"செத்த வீட்டுத் துடக்கு எண்டு ஒரு வருஷம் நான் கோயிலுக்கு வரேல்லை. வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிய ஆராவது கூப்பிடுவியள் எண்டு பாத்தன். ஒருத்தரும் கூப்பிடேல்லை. இனி நான் முன்னால இருந்து பாடுறது உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

"ஐயோ! துக்க வீட்டுக்காரரைப் பாட வா எண்டு கேக்கிறது முறையில்லை எண்டெல்லோ நாங்கள் பேசாமல் இருந்தம். நீயா வருவாய் எண்டு பாத்தம்."

"நல்ல ஆக்கள்! நான் சீலை உடுத்திக்கொண்டு எத்தினை வெள்ளி வீட்டில சும்மா குந்தியிருந்தனான் தெரியுமே?" என்றவள், பிறகு கேட்டாள்: "பத்மாவின்ர தமையன் செத்தாப் பிறகு அவளும் வாறேல்லைத்தானே? அவளைக் கேட்டனியளே?"

அந்தக் கொரோனாக் காலத்தில் சாவு விழாத வீடு எங்களுக்குள் குறைவு. வீட்டுக்கு வீடு ஒரு வருடம் ஒதுங்கியவர்கள், கூப்பிடட்டும் என்று வெளியே காத்திருந்தார்கள். வரட்டும் என்று நாங்கள் உள்ளே காத்திருந்தோம். நான் கேட்ட பதில் இதுதான். அம்பாள் சரோவின் குரலில் சொன்னாள்.

மனோ அக்காவிடம் ஓடினேன். கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் கண்ணைத் துடைத்தார். பிறகு, "உன்ர கேள்வியளைக் குப்பையில போடு. கோட்டை எடு, வெளிக்கிடுவம்" என்றார். வீடு வீடாகப் போனோம். ஒரேயொரு கேள்வி: "வெள்ளிக்கிழமை வாறீங்களோ?" பத்மா வாசலிலேயே வைத்து எங்களை நன்றாக ஏசினாள், ஏசிக்கொண்டே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். சிலர் ஊர் மாறிப் போயிருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் விடவில்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

நவராத்திரிக்குள் வந்த வெள்ளி, எங்கள் கடைசி வெள்ளியாக இருந்திருக்க வேண்டியது. மனோ அக்கா தன் இடத்தைவிட்டு எழும்பிச் சரோவை அங்கே இருத்தினார். அவள் குரல் எடுத்தபோது அந்த ஹரோ முன்னறைக்குள்ளேயே நான் மறுபடி இருந்தேன். பழைய கூட்டம் இல்லை. ஆனால் பாய் போதவில்லை.

இப்போது எங்கள் வழக்கம் மாறிவிட்டது. ஒரு வீட்டில் ஆட்டைத் திவசம் முடிந்தால், அடுத்த வெள்ளி எங்களில் இருவர் போய் அவரைக் கையோடு அழைத்து வருகிறோம். நானும் மாறிவிட்டேன். முறை எது என்று யோசிக்குமுன் கதவைத் தட்டுகிறேன்.

அம்பாளை நம்பும் சகோதரிகளே, மனிதரிடம் கேட்டுப் பதில் கிடைக்காததை அவளிடம் கேளுங்கள். அவள் பதில் தராமல் விடுவதில்லை. இதை வாசிக்கும் யாராவது, துக்கம் கழிந்தும் ஒருவரும் கூப்பிடவில்லையே என்று வீட்டில் இருந்தால், இதோ கூப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை வாருங்கள்.