ஓசிக் கப்பல்

எனக்குப் பொறாமைக் குணமே கிடையாது என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா கழுத்தில் புதுச் சங்கிலி கிடந்தால்கூட, நல்லா இருக்கே என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறவள் நான். அந்த நினைப்பைக் கெடுத்தது ஒரு போர்க்கப்பல். அதுவும் கடலே இல்லாத தென்காசியில்.

என் வீட்டுக்காரர் ஆலங்குளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இனிமேலாவது சாயங்காலம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்று நான் ஆசைப்பட்டிருக்க, அவர் போனில் ஒரு கப்பல் சண்டை விளையாட்டை இறக்கி வைத்துக்கொண்டார்.

"காசு கேக்குமா?" என்றேன்.

"அஞ்சு பைசா கிடையாது. முழுக்க ஓசி" என்றார், தலையைத் தூக்காமல்.

ஓசிதான், இல்லையென்று சொல்லவில்லை. காசுக்குப் பதில் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து சாப்பாட்டு நேரம். பிறகு அருவியையும் எடுத்துக்கொண்டது.

சாரல் காலத்தில் விடியும்போதே ஸ்கூட்டரில் குற்றாலம் போய்விடுவது கல்யாணமான வருஷத்திலிருந்து எங்கள் வழக்கம். வெளியூர்க்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்குமுன் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர். அவர்தான் முதலில் வெளியே வருவார். நான் வரும்போது துண்டை விரித்துக்கொண்டு நிற்பார். இந்தச் சீசனில் ஒரு நாள், பல்லெல்லாம் தந்தியடிக்க வெளியே வந்தால் ஆளைக் காணோம். தேடினால், சுவரோரமாகக் காய்ந்த தலையோடு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் துண்டு அவர் தோளில்.

"குளிக்கலையா?"

"இந்த நேரத்துக்கு கேமுக்குள்ள போனாத்தான் இன்னைக்கு உள்ள பரிசுப் பெட்டி கிடைக்கும். செத்த இரு."

அப்போது எனக்கு வந்தது கோபம்தான். பொறாமை அடுத்த நாள் வந்தது. தோசைக் கரண்டியோடு அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனவள் நடைவாசலில் நின்றுவிட்டேன். விளையாடுகிறவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பேசிக்கொண்டே விளையாடலாமாம். அந்தக் குழுவுக்கு இவர்தான் தலைவர். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு புது ஆளிடம் சொல்கிறார்: "பயப்படாதீங்க தம்பி. நான் முன்னால போறேன், எம் பின்னாலயே வாங்க. விழுத அடி எம்மேல விழட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. நான் ஸ்கூட்டர் பழகியபோது, "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை" என்றவர். பிரசவத்துக்குப் போனபோது, "எல்லாரும்தான் பெத்துக்கிடுதாங்க" என்றவர். முகம் தெரியாத ஒருத்தனுக்கு அடி வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்! வயிறு அப்படி எரிந்தது. அந்த வார்த்தை எனக்கு வேண்டும், ஒரு தடவையாவது வேண்டும் என்று தோன்றியது. அடுப்பில் தோசை கருகிவிட்டது.

மறுநாளே என் போனில் அதே விளையாட்டை இறக்கினேன். பெயர் கேட்டது. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பயலின் பெயரைப் போட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், முதல் வாரத்திலேயே அந்தச் சனியன் எனக்குப் பிடித்துப்போனது. கப்பல் நாம் திருப்பியவுடன் திரும்பாது, நேரம் எடுத்துக்கொள்ளும். குண்டும் அப்படித்தான். எதிரி இப்போது இருக்கும் இடத்தில் சுட்டால் தண்ணீரில் விழும். குண்டு போய்ச் சேரும்போது அவன் எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டுச் சுடவேண்டும். வேகம், தூரம், நேரம். இருபது வருஷமாக நான் கரும்பலகையில் எழுதிப் போடுகிற கணக்கு. முதல் கப்பல் மூழ்கியபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்தேன்.

எரிச்சலும் இருந்தது. சோர்ந்துபோகிற நேரம் பார்த்து ஒரு பளபளப்பான கப்பலைக் காட்டும். இன்னும் மூன்று மணி நேரத்தில் போய்விடும், வாங்கு வாங்கு என்று நச்சரிக்கும். காசு கொடுத்து வாங்கியவன் ஒரே அடியில் நம்மைக் கவிழ்த்துவிட்டு, கெட்ட வார்த்தையும் எழுதிவிட்டுப் போவான். இருந்தாலும் விடவில்லை. எனக்கு வேண்டியது கப்பல் இல்லையே.

அவர் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன். அடுத்த அறையிலிருந்த என் வீட்டுக்காரர் இரண்டு நிமிடத்தில் சேர்த்துக்கொண்டார். நான் பேசமாட்டேன், எழுத்தில் மட்டும் பதில் போடுவேன். முதல் சண்டையில் பயமாயிருக்கு என்று எழுதினேன். "பயப்படாதீங்க தம்பி. எம் பின்னாலயே வாங்க." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, காதுக்குள் ஒரு தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் சாப்பிடும்போது அவர் அந்தத் தம்பியைப் பற்றியே பேச ஆரம்பித்தார். "புதுசா ஒரு பையன் வந்திருக்கான். என்ன மூளை தெரியுமா! தங்கமான புள்ளை." குழம்பு எப்படி என்று கேட்டேன். "ம்" என்றார். என் குழம்புக்கு ம், அவனுக்குத் தங்கம். அவன் நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லவும் மனசு வரவில்லை. சொன்னால் தம்பி போய்விடுவானே.

சாரல்தான் காட்டிக்கொடுத்தது. எங்கள் ஊர்ச் சாரல் மழை மாதிரிச் சொல்லிவிட்டு வராது. இளவெயில் அடித்துக்கொண்டே இருக்கும், காற்றோடு பொடித் தூறல் வந்து விழும், கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஐந்து நிமிடத்தில் ஈரமாகிவிடும். எந்த வேலையில் இருந்தாலும் தென்காசிக்காரி கால் தானாக மாடிக்கு ஓடும். நானும் ஓடினேன். ஓடுமுன், கப்பலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று, யோசிக்காமல் குழுவில் எழுதினேன்: "சாரல் வந்துட்டு. துணி எடுத்துட்டு வாரேன்."

தோள் நிறையத் துணியோடு இறங்கி வந்தால், ஒரு கையில் அவர் போன், ஒரு கையில் என் போன்.

"ஏட்டி, அந்தத் தம்பி நீதானா?"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எப்பத்துல இருந்து, எப்படி என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் போனே இல்லை. இனிமேல் அந்த வார்த்தை நேராக எனக்கே வரும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினோம்.

"எங்கன போற? கண்ணு தெரியலையா? அறிவிருக்கா உனக்கு? பேசாம ஓரமா நில்லு."

நேற்று வரை மூளை என்று சொன்ன அதே அடியை, குருட்டு அதிர்ஷ்டம் என்றார். அதே மூச்சில் வேறொரு புது ஆளிடம் திரும்பி, "பயப்படாதீங்க தம்பி" என்றார். அவர் முழங்கை என்மேல் இடித்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட மட்டும் ஏன் அப்படிச் சொல்லமாட்டேங்கீய?" கேட்டேவிட்டேன்.

"நீ என்ன வெளி ஆளா, உங்கிட்டப் போய் அப்படியெல்லாம் பேச?" என்றார். பிரியமாகத்தான் சொன்னார்.

சலித்துவிட்டது, விட்டுவிட்டேன் என்று ஒரு வாரத்தில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் மறுபடியும் பேப்பர் திருத்தப் போனேன். இந்தத் தடவை முதல் பெஞ்சுப் பையன் ஒருவனின் பெயர். விண்ணப்பம் போட்டேன்; சேர்த்துக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் முதல் சண்டை. பயமாயிருக்கு என்று எழுதினேன். வந்தது அந்தக் குரல், சுவர் வழியாக ஒரு தடவை, காதுக்குள் ஒரு தடவை. பாதிச் சண்டையில் ஜன்னல் கம்பியில் பொடிப்பொடியாகத் தண்ணீர் ஒட்டியது. மாடியில் அவருடைய சட்டைகள், என் சேலைகள்.

"ஏட்டி! சாரல் அடிக்கி, துணியை எடு!" என்று கூடத்திலிருந்து கத்தினார். அதுவும் காதுக்குள் கேட்டது. உடனே குரல் தணிந்தது: "ஒண்ணுமில்ல தம்பி, வீட்ல. நீங்க வாங்க, நான் இருக்கேன்."

நான் எழுந்திருக்கவில்லை. துணி நனைந்துகொண்டிருந்தது. கப்பலைத் திருப்பி, அவர் பின்னாலேயே போனேன்.