காது அமிழும் ஆழம்

“கம்பியை விடுங்க! அது என்ன உங்க கூடப் பொறந்ததா?” இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி டீச்சர் போடும் சத்தம் நீச்சல் குளத்தின் கூரையில் மோதித் திரும்பும். பெண்களுக்கான காலை வகுப்பில் சேருபவர்கள் எல்லாம் நாற்பதைத் தாண்டியவர்கள். சிலருக்கு முகம் கழுவும்போதே மூச்சுமுட்டும். அவர்களைத் திட்டி, கிண்டலடித்து, முதுகுக்கடியில் ஒரு உள்ளங்கையைக் கொடுத்து மிதக்க வைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், “எங்க வீட்டம்மா விடிஞ்சதுமே தண்ணிலதான் இருப்பாங்க” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பல வருடத்துப் பழைய ஜோக். டீச்சர் இன்னும் முறைக்கிறார்.

இதயம் தாளம் தப்புவதை அவர் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. சும்மா நிற்கும்போதே அது விசுக்கென்று ஓட்டம் பிடிக்கும். பிறகு தானாக அடங்கும். ஒரு காலை, மாணவி ஒருத்தியை மிதக்க விட்டிருந்த நேரத்தில் வந்தது. டீச்சருக்குக் கண் இருட்டியது. கீழே தாங்கியிருந்த கை நழுவியது. ஒரு வாய் தண்ணீர் குடித்து எழுந்த அந்த மாணவிதான், நீந்தவே தெரியாதவள், டீச்சரைத் தோளோடு அணைத்துக் கரை சேர்த்தாள்.

ஆஸ்பத்திரியில் தொடையில் சின்னத் துளை போட்டார்கள். அதன் வழியே ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பிகள் இதயம்வரை போயின. அரை மயக்கத்தில் டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமும் சிவப்புமாக, அவருடைய இதயமே அங்கே படமாகத் தெரிந்தது.

“கோளாறு எந்த எடத்துலன்னு தெரியணும். இப்ப நாங்களே இதயத்தை ஓட விடப்போறோம்மா, பயப்படாதீங்க” என்றார் டாக்டர்.

ஓடியது. தறிகெட்டு ஓடியது. கம்பியின் நுனி எங்கோ ஓரிடத்தைத் தொட்டுச் சுட்டது. பேய்மழை சட்டென்று வெறித்ததுபோல் உள்ளே எல்லாம் அடங்கிப்போனது.

வீட்டுக்கு வந்தும் அவருக்குப் பிரமிப்பு தீரவில்லை. “கோவம் வந்தா அடிச்சுக்குது, பயம் வந்தா அடிச்சுக்குது, எல்லாம் நம்ம மனசுன்னுல்ல நெனச்சேன்! கடுகளவு எடந்தான். தொட்டுட்டு வந்துட்டாங்க.”

தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னதால் கணவர் வீட்டிலிருந்த வாளிகளை எல்லாம் ஒளித்துவைத்தார். மத்தியானம் டீச்சர் கண்ணயர்ந்தால், கடையை விட்டுவிட்டு வந்து போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

“என்ன பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல, ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்.”

இடையிடையே இதயம் ஒரு குதி குதிக்கும். டீச்சர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார். “உள்ள புண்ணு ஆறணும் இல்லியா? அதுவரைக்கும் துடிப்பு ஒண்ணு ரெண்டு தடுக்கும்மா” என்பாள் நர்ஸ். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனாலும் இடது மணிக்கட்டை விட்டு வலது கை விரல்கள் நகராது.

புண் ஆறியது. தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டரும் சொன்னார். குளத்துக்கு வந்த டீச்சர், கால்களை மட்டும் நனைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் நடுவில் இதயம் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டால்? ஊருக்கெல்லாம் பயத்தைத் தெளியவைத்தவருக்கு அடுத்த படி இறங்கத் தைரியமில்லை. அன்று கரை சேர்த்த மாணவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“மெதுவா வாங்க டீச்சர். நான் இங்கயேதான் இருக்கேன்.”

இறங்கினார். மல்லாந்தார். காதுகள் அமிழ்ந்ததும் குளத்தின் இரைச்சல் அறுந்துபோனது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம். இடைவெளி. இன்னொன்று. யாரையும் துரத்தாமல், யாருக்கும் பயப்படாமல், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இதுதானே தன்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது! டீச்சர் சடாரென்று எழுந்து நின்றார்.

“என்னாச்சு டீச்சர்? வலிக்குதா? டாக்டரைக் கூப்பிடவா?” பெண்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள்.

தூங்கும் குழந்தையின் பக்கத்தில் நிற்பவர்போல, டீச்சர் உதட்டின்மேல் விரலை வைத்து, “உஷ்” என்றார். பேச்சு நிற்கும்வரை அப்படியே நின்றார். பிறகு கண்களை மூடிக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் சாய்ந்தார்.