பருப்பு வேகாத திட்டு

நான் பார்த்து வாங்கிய இடம் எதுவும் இதுவரை சோடை போனதில்லை. நானாகச் சொல்லவில்லை, அருப்புக்கோட்டைத் தரகர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். இன்றைக்குக் கரிமூட்டம் போட்டு லோடு லோடாக வெளியூருக்கு அனுப்புகிறேன். லாரியின் நெற்றியில் என் பெயர்தான் எழுதியிருக்கிறது. இஞ்சினியருக்குப் படித்த என் மகன்கூட சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கிக்கு இடம் பார்க்கப் போவதென்றால் முதலில் என்னைக் காரில் ஏற்றிக்கொள்வான். இடம் பார்க்கிற கண் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், கூடப் பிறந்தது என்று பீற்றிக்கொள்வேன். உண்மையில் அது என் அம்மாவின் கண். அதை அவள் எனக்குக் கொடுத்ததே அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். நரிக்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் அய்யா வேலை பார்த்தார். பண்ணைக்காரர் நிலத்தை விற்றுவிட்டு மதுரைக்குப் போனார். நாங்கள் குடியிருந்த குடிசையும் நிலத்தோடு சேர்ந்து விலை போய்விட்டது. வாங்கியவர் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அய்யாவுக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஓர் ஊர். விடியும் முன் வாசலில் வந்து நின்று, ஏலே என்று அதட்டிக் கூப்பிட ஆள் இல்லாத ஊர்.

அப்படி இரண்டு ஊர்கள் ஒரே கண்மாய்க்குள் இருந்தன. எங்கள் சீமையில் தீவு என்றால் சிரிப்பீர்கள். வருஷத்தில் பாதி நாள் புழுதி பறக்கிற பூமிதான். ஆனால் ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிவிட்டால் உள்ளே இருக்கிற இரண்டு மேடுகளையும் நாலா பக்கமும் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். கிழக்கே இருந்தது கிழக்குத்திட்டு, மேற்கே இருந்தது மேலத்திட்டு. தை, மாசி வரை பஸ்ஸு இல்லை, சைக்கிள் இல்லை, கடன்காரன்கூட வரமாட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும். இரண்டு திட்டிலும் குடிசை போட்டுக்கொள்ளப் புறம்போக்கு கிடந்தது.

அய்யாவுக்குக் கிழக்குத்திட்டின்மேல் கண். அங்கே களை எடுக்க, கதிர் அறுக்க வேலை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, நிழலுக்குப் புளியமரங்கள் உண்டு. மேலத்திட்டில் இருந்ததெல்லாம் கருவேலமும் ஆடுகளும்தான். அம்மா ஒரு கை துவரம்பருப்பை இரண்டாகப் பிரித்து முந்தானையின் இரண்டு ஓரத்திலும் முடிந்துகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன்பும், குடி போகும் முன்பும் இப்படித்தான் பார்ப்பார்கள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பை வேகவைப்பது. தண்ணீர் உப்பாக இருந்தால் எத்தனை விறகு வைத்தாலும் பருப்பு கல்லாகக் கிடக்கும். பருப்பு வேகாத ஊரில் வயிறும் ஆறாது என்பது கணக்கு.

தம்பி அம்மாவின் இடுப்பில், நான் அய்யாவின் தோளில், சட்டியும் குடமும் சித்தப்பாவின் தலையில். தண்ணீருக்குள் இறங்கியதும் சித்தப்பா ஆரம்பித்துவிட்டார்.

“மதினி, சுத்திலும் கடலாட்டம் தண்ணி கெடக்கு. ஒரு சட்டி மோந்து இங்கனயே வேகவச்சா ஆகாதா?”

“கம்மாத் தண்ணி மாசியோட போயிரும் கொழுந்தனாரே. பொறவு உங்க வாயில வார தண்ணியிலயா ஒல வைக்க?”

அய்யா சிரித்ததில் தோளிலிருந்து நான் விழப் பார்த்தேன்.

முதலில் மேலத்திட்டு. ஊருக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டி அம்மா தீ மூட்டினாள். குடத்தை எடுக்கப் போன அய்யாவைத் தடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“நீங்க இருங்க. அவ போயிட்டு வரட்டும்.”

கிணற்றடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நான் குடத்தோடு மரியாதையாக நின்றேன். ஒருத்தி, வெற்றிலை போட்ட வாய், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு பெத்த மகராணி இது? தண்ணி தானா ஏறி வந்து கொடத்துல விழுமாக்கும்! கை என்ன மொடமா? இந்தா புடி.”

கயிற்றை என் கையில் திணித்துவிட்டுத் தன் துணியைத் துவைக்கப் போய்விட்டாள். வாளி பாதி வழியில் நழுவியது. எல்லோரும் சிரித்தார்கள். “இடுப்ப வளச்சு இழு புள்ள, நாங்க வெட்டுன கெணறு, ஆழமாத்தான் இருக்கும்,” என்று ஒருத்தி கத்தினாளே தவிர உதவிக்கு வரவில்லை. உள்ளங்கை கன்றிப்போய், கண்ணீரும் தண்ணீருமாகத் திரும்பினேன். பருப்பும் என் கட்சிதான். ஒரு கட்டு முள் எரிந்த பிறகும் வேகாமல் முறைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “இத வச்சுக் குருவி அடிக்கலாம்,” என்றார்.

அங்கிருந்து கிழக்குத்திட்டுக்கு நடந்தோம். புளியமரத்தடியில் அடுப்பு. மறுபடியும் நான்தான் குடத்தோடு போனேன்.

அங்கே நடந்ததை இன்றைக்கும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். சுற்றிலும் சிமெண்டு பூசிய கிணறு. நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட ஒரு பெண், “எந்தப் பக்கத்துப் பிள்ள நீ, ஒங்கய்யா யாரு?” என்று இனிமையாகக் கேட்டாள். சொன்னேன். எல்லோரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். “நீ கயித்தத் தொடாத தாயி. கொடத்தக் கீழ வச்சிட்டு அந்தா அங்க நில்லு,” என்றாள். அவளே இறைத்தாள். நின்ற இடத்திலிருந்தே, உயரத்திலிருந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் என் குடத்துக்குள் ஊற்றினாள். அருவி விழுவதுபோல இருந்தது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும், குடம் இருந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டாள். எப்பேர்ப்பட்ட சுத்தம்! தரையில் கொட்டுகிற அளவுக்கு நல்ல தண்ணீர்!

பருப்பு இரண்டு கொதியில் மலர்ந்து குழைந்துவிட்டது. அய்யாவின் முகமும் அப்படியே. உப்புப் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் இலையில் வைத்தாள் அம்மா. நான் வாயை மூடவில்லை. கயிற்றைத் தொடவிடாதது, வழிவிட்டு ஒதுங்கியது, அருவி, கழுவிவிட்டது எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னேன். “அந்த ஊருல என்னைய வேல வாங்குனாளுக. இங்க ஒரு விரல அசைக்க விடல,” என்றேன்.

சித்தப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அம்மா தன் பங்கைத் தொடவில்லை. என் கன்றிய உள்ளங்கையை இழுத்து வைத்து ஊதினாள். பிறகு எழுந்து அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

“மேலத்திட்டுக்கே போயிருவம்,” என்றாள்.

அய்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எந்த ஊருல இல்லாதது புள்ள இது? நாம பாக்காததா? பருப்பு வெந்துருக்குல்ல.”

“மேலத்திட்டுல இல்லியே.”

“உப்புத் தண்ணி. பிள்ளைக என்னத்தத் திங்கும்?”

“கூழக் குடிக்கட்டும். எம் மக கயித்தப் புடிச்சு இழுக்கட்டும்.”

அய்யா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. பருப்பு வெந்த ஊரை விட்டுவிட்டு வேகாத ஊருக்குப் போகிற பைத்தியக்காரி உலகத்தில் உண்டா? திரும்புகிற வழியெல்லாம் அய்யாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மேலத்திட்டில்தான் குடிசை போட்டோம். அம்மா மழை பெய்கிற நாளெல்லாம் கூரைத் தண்ணீரைப் பானைகளில் பிடித்து மூடிவைப்பாள். நல்ல நாளுக்குப் பருப்பு அதில் வேகும். அந்தத் திட்டின் கருவேலத்தில்தான் முதல் கரிமூட்டம் போட்டாள். பின்னால் நான் போட்ட மூட்டங்களெல்லாம் அதற்குக் குட்டிகள். வெட்டவும் அடுக்கவும் எரிக்கவும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படி ஒரு பொம்பளையை நான் இன்னும் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

குடிபோன புதிதில் ஒருநாள் கிணற்றடியில் நின்றேன். அதே வெற்றிலை வாய்க்காரி கயிற்றை நீட்டினாள். அவளுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று பட்டது.

“கெழக்குத்திட்டுல என்னையக் கயித்தத் தொடவே விடல, தெரியுமா? அவுகளே எறச்சு, ஒசரத்துல இருந்து ஊத்துனாக. நான் நின்ன எடத்தக்கூடக் கழுவிவிட்டாக,” என்றேன்.

துவைக்கிற சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். கயிற்றை என் இரண்டு கைகளிலும் சுற்றி, என் கைகளுக்குமேல் தன் கைகளை வைத்து, என்னோடு சேர்ந்து இழுத்தாள்.

அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.