விரலுக்கு விழிக்கும் பூட்டு

சிங்கப்பூரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. செங்காங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கூட வாசலில் நின்று வாட்ஸ்அப்பில்தான் சொல்கிறார். இப்படிப்பட்ட ஊரில் கதவுப் பூட்டு வடிவமைப்பதுதான் எனக்குப் பிழைப்பு. விரல் பட்டால் எண்கள் ஒளிரும் பூட்டு; பேட்டரியில் ஓடுவது. சதா விழித்திருந்தால் பேட்டரி செத்துவிடும். அதனால் தூங்க வேண்டும், விரல் வந்தால் மட்டும் விழிக்க வேண்டும். என் பூட்டோ மழைச் சாரலுக்கெல்லாம் விழித்து மின்சாரத்தைத் தின்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நான் இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான பாஸைப் புதுப்பிக்க முடியாது என்று மேலாளர் மெலிசா சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்பிப் போவேன்?

பூட்டின் தொடு உணர்திறனைக் குறைத்தேன். சாரல் பட்டும் பூட்டு தூங்கியது. ஆபீஸில் எல்லோர் விரலுக்கும் விழித்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியா போனேன். எங்கள் ஊர் முருகேசன் அண்ணன், கட்டுமான வேலை செய்பவர், டீக்கடையில் இருந்தார்.

"தொடுங்கண்ணே."

தொட்டார். அழுத்தினார். ஒன்றும் ஒளிரவில்லை.

"என்னடா தம்பி, உன் பூட்டுக்கு என்னப் பாத்தா திருடன் மாதிரி இருக்கா?" விரலை நாக்கில் தொட்டு வைத்தார், எண்கள் ஒளிர்ந்தன. "அட, எச்சி பட்டாத்தான் மதிக்குது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்குவாரியில் தேய்ந்த அப்பாவின் கட்டைவிரலை ரேஷன் கடை மிஷின் ஏற்கவே இல்லை. வரிசை முழுக்கப் பார்த்திருக்க, விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த மிஷினை யாரோ படித்தவன்தான் செய்திருப்பான்.

காய்த்த விரலுக்குப் பூட்டு விழிக்கவில்லை என்று மெலிசாவிடம் சொன்னேன். "டெல் ஹிம் புட் ஹேண்ட் கிரீம் லா," என்றார். கேலியில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

உணர்திறனை மறுபடி கூட்டினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, பூட்டு இடைவெளி விட்டு விட்டு விரலைத் தேடும்படி மாற்றினேன். பேட்டரிக் கணக்கு சரியாக வந்தது. மெலிசா விறுவிறுவென வந்து தொட்டார். அது விழிப்பதற்குள் விரலை எடுத்துவிட்டார். "ஹூ காட் டைம் டு வெயிட்?" முன்பு உணர்திறனைக் குறைத்து வைத்ததையே வைத்து நாளைக்குள் அனுப்பச் சொன்னார்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் என் விரலை வைத்தேன். படித்த விரல், மெலிசாவுடையதைப் போலவே மெத்தென்று இருக்கிறது. ஆனால் அவசரமில்லாமல் காத்திருந்தது. எண்கள் ஒளிர்ந்தன. உணர்திறன் குறைந்த பழைய அமைப்பிலும் வைத்துப் பார்த்தேன், அதிலும் ஒளிர்ந்தன. இரண்டிலும் எனக்கு விழிக்கிறது. நாளை எதை அனுப்பினாலும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும்: அண்ணன், இல்லையென்றால் பாஸ் இல்லாமல் நான்.