சாய்வெட்டு மேலே

ஹெர்லிந்தாவுக்கு வாழ்க்கை என்றால் திராட்சைதான். குவாதலூப்பே பள்ளத்தாக்கில் அப்பா விட்டுப்போன கொடிகளுக்கு ஐம்பது வயதுவரை தண்ணீர் சுமந்தாள், கவாத்து செய்தாள், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டே மறந்தாள். தம்பி அபுந்தியோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நிலம் அவன் பெயரில். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டல் கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டான். குளிர்காலத்தில் புல்டோசர் கொடிகளை வேரோடு பிடுங்கியபோது அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். அழவில்லை.

பிடுங்கிப் போட்ட கொடிகளிலிருந்து குச்சிகளை ஒடித்து வந்து, உயிர் போகாமலிருக்க ஈரமணலில் புதைத்தாள். மாதம் முடிவதற்குள் அபுந்தியோ கூச்சமே இல்லாமல் வந்து நின்றான். மலைச்சரிவில் புதிதாக நிலம் வாங்கியிருந்தான்.

“அக்கா, அப்பாவோட கொடிதான் வேணும். அந்த ஒயினுக்குத்தான் ஆளுங்க வர்றாங்க. உன்கிட்ட குச்சி இருக்காமே?”

“பிடுங்கறப்ப கசந்துது, இப்ப இனிக்குதாக்கும்?”

“பழசைக் கிளறாதக்கா.”

“சரி, சீவி வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை வா.”

அந்தப் பள்ளத்தாக்கில் நடுகிற குச்சியின் அடியை நேராக வெட்டுவார்கள், நுனியைச் சாய்வாக. காய்ந்த குச்சியில் தலை எது, கால் எது என்று நடுகிறவன் குழம்பக் கூடாதே. ஹெர்லிந்தா ஆறு குச்சிகளை முறைப்படி வெட்டித் தனக்கென எடுத்துவைத்தாள். மீதி அத்தனையிலும் அடியைச் சாய்த்தாள், நுனியை நேராக்கினாள். அப்பாவின் கொடியாயிற்றே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கத்தியை நிறுத்தவில்லை.

நடவன்று கூலியாள் ஒருவன் தயங்கினானாம். “முதலாளி, மொட்டெல்லாம் கீழ பார்க்குதே?”

“எங்கக்கா வெட்டினதுய்யா. அவ கைக்குத் தப்பு வராது. சாய்வு மேல, நட்டுக்கிட்டே போ.”

இது அவள் காதுக்கு வந்தபோது சுருக்கென்றது. அன்றைக்கு மட்டும்தான்.

அவன் நிலத்தில் ஓர் இலைகூட எழும்பவில்லை. அவளுடைய சமையலறைச் சுவரோரம் ஆறும் துளிர்த்தன. முயல் கடிக்காமல் பால் அட்டைப்பெட்டியைச் சுற்றிவைத்தாள், ஒரே தளிரை விட்டு மற்றதைக் கிள்ளினாள், கம்பு நட்டுக் கட்டினாள்.

அடுத்த குளிரில், முதல் கவாத்து. இரண்டு மொட்டு மட்டும் விட்டு அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது அபுந்தியோ ஒரு செத்த குச்சியோடு வந்தான்.

“தலைகீழா நட வச்சுட்டியே. நீயெல்லாம் அக்காவா?”

“வேரோட பிடுங்கினவன் தம்பியா?”

அவன் குரல் இறங்கியது. “எல்லாம் போச்சுக்கா. இப்ப வெட்டினதுல ஒண்ணாவது குடு. நானே வளர்க்கறேன்.”

ஒன்றை எடுத்தாள். இரண்டு முனையையும் நேராக வெட்டி நீட்டினாள்.

“இந்தத் தடவை மொட்டைப் பாரு. என் வெட்டைப் பார்க்காத.”

மீதிக் குச்சிகளை அவன் கண்ணெதிரே அள்ளி அடுப்பில் திணித்தாள். மாவைத் தட்டிக் கல்லில் போட்டாள். அவன் வாசலிலேயே நின்று குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

“அக்கா... எது மேல?”

ஹெர்லிந்தா தோர்த்தியா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.