முனிராஜுவின் பெயர் இருந்த பட்டியல்

முனிராஜு இறந்துவிட்ட செய்தியைச் சூளகிரி பஸ்ஸில் ஒருவர் சொன்னார். கூடவே, "பாவம், ரிஜெக்ட் கேசுல வேலை போன ஆளு" என்றார். முனிராஜுவோடு ஓசூர் தொழிற்சாலையில் வேலை செய்த உங்களில் பலரும் இன்றும் அப்படித்தான் நம்புகிறீர்கள். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். மூன்றாம் மெஷினில் கெட்டுப்போன பாகங்களுக்குக் காரணமானவர்கள் யார் என்று பட்டியல் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆபரேட்டரின் பெயருக்குக் கீழும் நாளுக்கு ஒரு வரி இருக்கும்: எந்த மெஷின், எத்தனை பாகம் கெட்டு ரிஜெக்ட் ஆனது. மூன்றாம் மெஷினில் நின்றவர்களை முதலில் பிரித்தெடுத்தேன். அவர்களில் ரிஜெக்ட் உள்ளவர்களை மறுபடி பிரித்தெடுத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். முனிராஜுவும் ஒருவர். அந்த மாதம்தான் அவருடைய வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"மேடம், திங்கக்கிழமை மூணாம் மெஷின்ல நின்னேன், ஒரு பீசும் போகல. வியாழக்கிழமை ரெண்டு பீசு போச்சு, அது ஏழாம் மெஷின்ல."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது முனிராஜு."

"திங்கக்கிழமை பேரிகையில பொண்ணு பாத்தேன், வியாழக்கிழமை யாரோ கல்யாணத்துல சாப்ட்டேன். எனக்கே கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதுவீங்களா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் போனதும் மூன்றாம் மெஷின், ரிஜெக்ட் என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து, ஒரே நாளின் வரியில் இரண்டும் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் தேடினேன். ஒன்பது பேர்தான் வந்தார்கள். முதல் தடவை ஆளைப் பிடித்துக்கொண்டு நாளைக் கோட்டைவிட்டிருந்தேன்.

மானேஜரிடம் ஓடினேன். "ஒட்டினதைக் கிழிச்சா, இனிமே எந்த லிஸ்ட்டைம்மா நம்புவாங்க?" என்றார். மூன்று முறை போனேன். நான்காம் முறை போகவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

முனிராஜுவை அனுப்பிவிட்டார்கள். சூளகிரியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். பின்னொரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது மேடம்? போர்டுல பாத்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அதில் ஒன்பது பெயர்கள். முனிராஜு இல்லை.